நாலாவது கையெழுத்து

நிலம் வாங்கலாம் என்று முதலில் சொன்னது என் நாத்தனார்தான். என் கணவரின் தங்கை. புருஷனை விட்டுப் பிரிந்து, மகளோடு திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்தாள். சின்னாளபட்டியிலிருந்து சுங்குடிச் சேலை எடுத்து வந்து விற்பாள். முன்பெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். இப்போது வாட்ஸ்அப்பில் படம் போட்டால் போதும். எனக்கு ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. என் கணவர் வடமதுரைப் பக்கம் ஒரு நூல்மில்லில் ஷிப்ட் பார்க்கிறார்.

வீட்டுக்காரர் மறுபடியும் வாடகையைக் கூட்டிவிட்டார் என்று ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்தாள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"மதினி, குடுத்துக் குடுத்தே எனக்குப் பாதி வயசு போயிருச்சு. ஒரு மாசமாச்சும் வாடகை வாங்குற ஆளா இருந்து பாக்கணும்."

சிரித்தோம். ஆனால் சிரித்து முடித்த பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. டவுனுக்குள் வீடு வாங்க எங்களால் ஆகாது என்பது தெரிந்ததுதான். ரோட்டோரமாகக் கொஞ்சம் நிலம், அதில் ஒரு தகரக் கொட்டகை, அதை யாராவது சாமான் போட்டு வைக்க வாடகைக்கு விடுவது. அந்த அளவுக்குத்தான் எங்கள் கணக்கு எட்டியது. அவளிடம் சேலை விற்ற காசும் நகையும் இருந்தன. என்னிடம் சீட்டுப் பணம் இருந்தது. என் கணவரிடம் சொன்னபோது, "ரெண்டு பேருமா?" என்று கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, பாருங்க. வண்டிக்குப் பெட்ரோல் நான் போட்டுத் தாரேன்" என்றார்.

அதன்பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் நிலம் பார்க்கவே போயின. ஊருக்கு வெளியே எந்தப் பக்கம் போனாலும் ஒரு வளைவு, கலர் கலராகக் கொடி, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல். வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டி, திரும்பும்போது சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுப்பார்கள். போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "சார் வரலையா மேடம்?" என் நாத்தனார் முதல் இரண்டு மூன்று தடவை பதில் சொன்னாள். பிறகு, "சார் சம்பாதிக்கப் போயிருக்காரு, நாங்க செலவழிக்க வந்திருக்கோம்" என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

அனுமதி வாங்கிய மனைகள் எங்களுக்கு எட்டாத விலையில் இருந்தன. எட்டுகிற விலையில் இருந்தவற்றுக்கு அனுமதி இல்லை. வங்கியில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையான பெண். அனுமதி இல்லாத மனைக்கும் புஞ்சைக் காட்டுக்கும் வீட்டுக் கடன் கிடைக்காது என்று விளக்கிச் சொல்லி, "கையில இருக்குறதுக்குள்ள பாருங்க மேடம்" என்று அனுப்பிவைத்தார். ஒரு இடத்தில் தண்ணீர் இல்லை. இன்னொரு இடத்துக்குப் பாதை அடுத்தவர் காட்டு வழியாகப் போனது. விற்கிறவர்கள் சொல்லாததை எல்லாம் அந்தந்த ஊர் டீக்கடையில் சொன்னார்கள். முதலில் டீக்கடை, அப்புறம்தான் நிலம் என்று வைத்துக்கொண்டோம்.

இப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு புரோக்கர் கிடைத்தார். முன்பு மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அதிகம் பேசமாட்டார். திருச்சி ரோட்டில் வடமதுரைக்கு முன்னால் உள்ளே பிரிந்து போகும் ஒரு தார்ரோட்டில் எங்களைக் கூட்டிப்போனார். செம்மண் காடு. பாதிக்கு மேல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ரோட்டை ஒட்டி ஒரு வேம்பு. பின்னால் மோட்டார் இல்லாத ஒரு மோட்டார் ரூம், கதவும் இல்லை. என் நாத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கொஞ்ச தூரம் நடந்தாள். முள்ளைப் பார்த்துப் பார்த்துத்தான் காலை வைத்தாள். ஆனாலும் திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பார்த்து, இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. லாரி திரும்புகிற அளவுக்கு ரோடு, பக்கத்திலேயே கரண்டுக் கம்பம். வேறென்ன வேண்டும்?

நிலம் மூன்று அண்ணன் தம்பிகளுடையது என்றார் புரோக்கர். அப்பா சம்பாதித்தது. அப்பாவும் அம்மாவும் இல்லை. பட்டா இன்னும் அப்பா பேரில் இருக்கிறது, அதை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். விலை சுற்று வட்டாரத்தைவிடக் குறைவாகவே இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"மூத்தவரு வீட்ல ஆப்பரேஷன் மேடம். அவசரம். வேற ஒண்ணும் இல்ல."

மூத்தவரைப் போய்ப் பார்த்தோம். மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். இரண்டாமவர் லாரி ஓட்டுகிறார். இளையவர் ஊருக்குள் செல்போன் கடை வைத்திருந்தார். மூன்று பேரும் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நாங்கள் அட்வான்ஸ் கொடுத்தோம். அதற்காக என் நாத்தனார் வளையல்களை அடகு வைத்தாள். முதலில் வக்கீலிடம் காகிதங்களைக் காட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுப்பதுதான் முறை என்று இப்போது யார் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு, வேறு யாராவது முந்திவிடுவார்களோ என்ற பயம்தான் எங்களுக்கு.

வக்கீல் எங்கள் பரிசோதனை நிலையத்துக்கு வருகிறவர். நடுத்தர வயதுப் பெண். கொண்டுபோன காகிதங்களைப் புரட்டிவிட்டு, "வாரிசுச் சான்று எங்க?" என்று கேட்டார். நான் மூத்தவருக்குப் போன் போட்டேன். எழுதிக் கொடுத்திருக்கிறோம், வந்துவிடும் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரம் போனை இளையவர் எடுத்தார். அண்ணன் காட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சும்மா நிலத்தைப் பார்த்துவிட்டு வரப் போனோம். எங்கே கொட்டகை போடலாம், வாசலை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று பேசிக்கொண்டு வேம்படியில் நின்றிருந்தோம். பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கிட்டே வந்தாள்.

"நீங்கதான் வாங்குறவுகளா?"

"ஆமா."

"நல்லது. அந்தப் புள்ளையும் சம்மதிச்சிருச்சாக்கும்."

"எந்தப் புள்ள?" என்றாள் என் நாத்தனார்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் சொன்னாள்.

"அவுக கூடப் பொறந்தவ. நிலக்கோட்டைப் பக்கம் கட்டிக் குடுத்தாக. ஏன், ஒங்களுக்குத் தெரியாதா?"

ஆடுகள் வேறு பக்கம் இறங்கிவிட்டதால் அவள் போய்விட்டாள்.

புரோக்கரைக் கேட்டபோது அவர் கழுத்தைச் சொறிந்தார். "இருக்கு மேடம். இல்லேன்னு சொல்லல. நகை நட்டெல்லாம் போட்டுத்தான் அனுப்பிவிட்டாங்க. அது வரவும் வராது, கேக்கவும் கேக்காது. மூணு பேரும் போட்டுத் தாராங்க. நாளைக்கு ஏதாச்சும் கேஸுன்னு வந்தா அவங்க பொறுப்புன்னு ஒரு வரி எழுதிக்குவோம்."

வக்கீலிடம் அதை அப்படியே போய்ச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அப்பா சொந்தமா வாங்குன நிலம். உயில் இல்ல. நாலு புள்ளைங்களுக்கும் சரிசமம். அந்தம்மா கையெழுத்து இல்லாம வாங்குனா நீங்க முக்காவாசி நிலத்தத்தான் வாங்குறீங்க. அந்த முக்கா எந்த மூலையில இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது."

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது என் நாத்தனார் சொன்னாள்: "அவங்க கேக்க மாட்டாங்க மதினி. நாமளே போய்க் கேட்டுட்டு வருவோம்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் என்னவோ செய்தது. நான் பிறந்தது ஒட்டன்சத்திரம் பக்கம். அப்பா இறந்து கொஞ்ச காலம் கழித்து, எனக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்துக்கொண்டு என் அண்ணன்கள் வந்தார்கள். என்னைக் காரில் கூட்டிப்போய்ப் பத்திர ஆபீஸில் நிறுத்தினார்கள். "சும்மா ஒரு முறைக்குத்தான் கண்ணு. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று மூத்த அண்ணன் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்ட, நானும் போட்டேன். எதில் போடுகிறோம் என்று தெரியும். தோட்டத்தில் எனக்கு இருந்த பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம். பிறகு ஹோட்டலில் நல்ல சாப்பாடு. அன்றைக்கு எனக்கு வருத்தமே இல்லை. அண்ணன்கள் இருவரும் என் இரு பக்கமும் உட்கார்ந்து பரிமாறச் சொன்னதுதான் பெரிதாகத் தெரிந்தது. அதே மாதிரி ஒரு கையெழுத்தைக் கேட்டு இப்போது இன்னொருத்தி வீட்டுக்குப் போகிறோம் என்பது உறுத்தியது.

நிலக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, புரோக்கரிடம் கேட்டு வைத்திருந்த ஊர் பேரைச் சொல்லி விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். மத்தியானம் ஆகிவிட்டது. சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. வாசலில் ஈரச் சாக்குகள் காய்ந்துகொண்டிருந்தன. அந்த அம்மா பூ எடுத்து, மார்க்கெட் வேனில் ஏற்றிவிட்டு, குளித்து, அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். எங்களைப் பார்த்ததும் குழுவில் கடன் கொடுக்கிறவர்கள் என்று நினைத்து, "நாங்க போன மாசமே கட்டி முடிச்சாச்சும்மா" என்றார்.

நாங்கள் யார் என்று சொன்னோம். எந்த நிலம் என்றும் சொன்னோம். சாப்பிட்ட கையோடு அப்படியே இருந்தார்.

"அண்ணன் சொல்லி விட்டுச்சா?"

"இல்லம்மா. நாங்களாத்தான் வந்தோம்" என்றேன்.

"விக்கப் போறாங்கன்னே இப்பத்தான் தெரியும்." எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். "மோட்டார் ரூம் நிக்கிதா இன்னும்?"

"நிக்கிது."

"அதுக்குச் செங்கல் சொமந்தது நானும் எம் பெரிய தம்பியும். எங்கய்யா ஆள் வைக்க மாட்டாரு."

டீ போட்டுக் கொடுத்தார். பால் இல்லாத டீ. மன்னிப்புக் கேட்பதுபோல, "பால் தீந்து போச்சு" என்றார். என் நாத்தனார் வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் வாங்க முடியாது, அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒங்க வீட்ல போட்டுக் குடுத்தீங்களா?"

எதிர்பார்க்கவில்லை. "போட்டேன்" என்றேன்.

"எதுக்குப் போட்டீங்க?"

"கேட்டாங்க. போட்டேன்."

"கேட்டாங்கல்ல" என்றார். அதற்குமேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் சாக்கைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் மாட்டேன்னு சொல்லல தாயி. எம்பங்கு எனக்கு வேணும். அது அண்ணன் கையில போயி வர வேணாம், எம்பேருக்கே வரட்டும். இங்க அடுத்தவங்க காட்டத்தான் குத்தகைக்கு எடுத்துப் பூ வச்சிருக்கோம். எனக்கும் தேவை இருக்கு. ஆனா அதுக்கு முந்தி, மூணு பேர்ல ஒருத்தராச்சும் இந்த வாசலுக்கு வந்து எங்கிட்டக் கேக்கணும். அம்மா கருமாதிக்குப் பாத்ததுதான். அதுக்கப்புறம் ஒரு நல்லது கெட்டதுக்குக்கூட வரல. அதை மட்டும் போய்ச் சொல்லுங்க."

நாங்கள் கிளம்பும்போது ஆளுக்கு ஒரு கை பூ அள்ளி இலையில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில், கொடைரோடு தாண்டும்வரைக்கும் என் நாத்தனார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்: "அந்தம்மா கேக்குறது நியாயந்தான் மதினி." கொஞ்ச நேரம் கழித்து, "என் வளையலத்தான் என்ன செய்யிறதுன்னு தெரியல" என்றாள்.

மூத்தவரிடம் சொல்ல நாங்கள் இருவருமே போனோம். மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். சொன்னதை எல்லாம் நிமிராமல் கேட்டார்.

"நீங்க எதுக்கு அங்க போனீங்க?" என்றார்.

"நீங்க சொல்லலையேண்ணே, அதான் போனோம்" என்றாள் என் நாத்தனார்.

அவர் கையை உதறிவிட்டுத் தொட்டித் திண்டில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவே இல்லை. "அவ கல்யாணக் கடன நான் ஒருத்தனாத் தலையில வச்சிருந்தேன். அதைக் கட்டி முடிக்கயில எம்மூத்த பய பள்ளிக்கூடத்த முடிச்சுட்டான். அப்ப எங்கய்யா படுத்த படுக்கை. தம்பிங்க சின்னப் பயலுக. அவளுக்குத் தெரியாதா அது? பங்கு கேக்குறாளாம்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவ வீட்டு வாசல்ல போயி நிக்கச் சொல்றாளாக்கும்."

அவர் சொன்னதும் பொய் இல்லை. அந்த வீட்டின் கூரையும், திண்ணென்று காய்ந்த சாண வரட்டியும், உள்ளே கட்டிலில் படுத்திருந்த அவர் மனைவியின் இருமலும் அதைத்தான் சொல்லின. நிலக்கோட்டையில் அந்த அம்மா பக்கம் நின்று யோசித்த மனது, இங்கே வந்ததும் இவர் பக்கமும் சாய்ந்தது.

"அப்ப வேற எடம் பாத்துக்கங்க தாயி" என்றார் கடைசியில். "அட்வான்ஸு ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு. ஏமாத்த மாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாத் தாரேன்."

அடுத்து வந்த வாரங்கள் நன்றாக இல்லை. என் கணவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. சாப்பிடும்போது, "அந்த நெலம் என்னாச்சு?" என்று கேட்பார். நான் சொல்வதற்குள் குழம்பை ஊற்றச் சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விடுவார். என் நாத்தனாரின் மகள் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அம்மாவின் வளையலைக் கேட்டாளாம். கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

அந்தச் சமயத்தில் புரோக்கர் வந்தார். கரூர்ப் பக்கத்து ஆள் ஒருத்தர் இருக்கிறாராம். தங்கச்சி, கேஸ் எதற்கும் பயப்படாதவர். எங்கள் ஒப்பந்தத்தை அவருக்கு மாற்றிக் கொடுத்தால் அட்வான்ஸையும் தந்து, மேலே கொஞ்சம் சேர்த்தும் தருவாராம். மூத்தவருக்கும் பிரச்சினை தீரும். "எல்லாருக்கும் நல்லது மேடம். ஒங்களுக்கு இது முதல் தடவ. லாபத்தோட வெளிய வந்துருங்க" என்றார். அவர் எங்களுக்குக் கெடுதல் நினைத்துச் சொன்னதாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த வழி அது.

அவர் போன பிறகு நான் என் நாத்தனாரைப் பார்த்தேன். வளையல் அவளுடையது, அவளே சொல்லட்டும் என்று இருந்தேன். அவள் வெகுநேரம் சேலைகளை மடித்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு வாங்குனா அந்தம்மா கோர்ட்டுக்குத்தான் அலையணும், இல்ல மதினி?"

"ஆமா."

"அவங்க வீட்ல டீ குடிச்சுட்டோமே" என்றாள்.

வேண்டாம் என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டோம். வீம்புக்காகச் செய்தது என்றுதான் என் கணவர் நினைத்தார். வளையல் எப்போது திரும்பும் என்று எங்களுக்கே தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் கூட்டம் குறைந்த நேரம், இளைய தம்பி பரிசோதனை நிலையத்துக்கு வந்து நின்றார். அவருடைய அண்ணிக்கு ஏதாவது டெஸ்ட்டாக இருக்கும் என்று நினைத்தேன். கவுண்டர் ஓரமாக ஒதுங்கி நின்று மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, எங்க அக்கா வீட்டுக்கு எப்படிப் போகணும்? முந்தி இருந்த வீட்ல இப்ப இல்லையாம்ல. நீங்க போனீங்களே."

ஒரு ரசீதின் பின்பக்கத்தில் வழியை வரைந்து கொடுத்தேன். எங்கே ஆட்டோவை விட்டு இறங்க வேண்டும், தண்ணீர்த் தொட்டிக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அடையாளம் போட்டேன். கூடப் பிறந்தவள் வீட்டுக்கு வழி கேட்கிற வெட்கம் அவர் முகத்தில் இருந்தது. அதைப் பார்க்காததுபோல நானும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பெரியண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "போயிட்டு வந்து சொல்லிக்கலாம்" என்றார்.

மனைவியையும் குழந்தையையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறார். சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. பேசியது அந்த அம்மா. "எந்தம்பி வந்திருக்கான்" என்றார். பின்னால் ஏதோ தாளிக்கும் சத்தம். "கோழி அடிச்சிருக்கேன். வெஞ்சனம் பத்தலைன்னு திட்டுறான்." சிரித்தார். பிறகு, "நான் வாரேன்னு சொல்லிருங்க" என்றார்.

அதற்குப் பிறகு காகிதங்கள் எல்லாம் மளமளவென்று வந்துவிடவில்லை. வாரிசுச் சான்றுக்கு நான்கு பேருடைய ஆதாரும் வேண்டும் என்றார்கள். ஒன்றில் அப்பா பேர் ஒரு எழுத்து மாறியிருந்தது. இரண்டாமவர் லாரியில் வடக்கே போயிருந்தார். பணத்தை நான்கு காசோலையாக எடுக்க வேண்டும், அந்த அம்மாவுக்கு வங்கிக் கணக்கு அவர் பேரிலேயே இருக்க வேண்டும். இதெல்லாம் முடிவதற்குள் வெயில் காலம் போய்க் காற்றடிக்கும் காலம் வந்துவிட்டது. மூத்தவர் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் நிலக்கோட்டைக்கும் போகவில்லை.

பத்திரம் பதிகிற நாளில் அந்த அம்மா எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தார். விடியும் முன்பே பூ எடுத்துவிட்டு முதல் பஸ்ஸில் ஏறியதாகச் சொன்னார். தம்பிகள் இருவரும் அவரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் காம்பவுண்டு ஓரம், பைக்குகள் நிறுத்தியிருந்த இடத்தில் தனியாக நின்றார். அந்த அம்மாவும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எங்கள் டோக்கன் வர மத்தியானம் ஆனது.

உள்ளே ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு, கேமராவைப் பார்த்து, விரல் ரேகை வைக்கவேண்டும். மூத்தவர் வைத்தார். இரண்டாமவர் வைத்தார். அந்த அம்மாவின் விரலை அந்த மிஷின் எடுக்கவில்லை. மறுபடி வைத்தார். சிவப்பு விளக்குதான் எரிந்தது. கம்ப்யூட்டரில் இருந்த பெண், "நல்லாத் தொடச்சிட்டு வைங்கம்மா" என்றார். முந்தானையில் துடைத்து வைத்தார். இல்லை. வேறு விரல். அதுவும் இல்லை. வருடக்கணக்காகப் பூ கிள்ளிக் கிள்ளி நுனியெல்லாம் தேய்ந்து, கறை ஏறிக் கிடந்த விரல்கள். பின்னால் அடுத்த டோக்கன்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். "மத்தியானத்துக்கு மேல பாப்போமா?" என்று யாரோ கேட்டார்கள். அந்த அம்மா கையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். செய்யாத தப்புக்கு நிற்பதுபோல் இருந்தது.

சுவரோரம் நின்றிருந்த மூத்தவர் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து ஒரு நுனியை நனைத்தார்.

"கையக் குடு."

அந்த அம்மா கொடுத்தார். அவர் பெருவிரலைப் பிடித்து நனைத்த பக்கத்தால் தேய்த்தார், காய்ந்த பக்கத்தால் ஒற்றினார். மாட்டுக் காம்பைத் துடைத்துப் பழகிய கை, அவசரமே இல்லை. பிறகு அந்த விரலைத் தானே பிடித்து மிஷினில் வைத்தார். "அழுத்தாத. மெதுவா" என்றார். பச்சை விளக்கு வந்தது. கம்ப்யூட்டர் பெண், "வந்துருச்சு" என்றார். அவர் விரலை உடனே விடவில்லை.

"மதினிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"எந்திரிச்சு நடக்குறா."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். வெளியே வந்த பிறகு மூத்தவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த அம்மாவின் பங்கைப் பற்றி அவர் மனம் மாறியதாக நான் நினைக்கவில்லை. பஸ் ஏற்றிவிட அவரே ஸ்டாண்டுவரை நடந்து போனதை மட்டும் பார்த்தேன்.

எங்களுக்கு அதன் பிறகுதான் வேலை தொடங்கியது. நிலத்தை வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தோம். சர்வேயர் வந்து அளந்தபோது ஒரு பக்கத்து வேலி எங்கள் நிலத்துக்குள் வந்திருந்தது. அதைப் பேசித் தள்ளிவைக்க ஒரு மாதம். கருவேலத்தைப் பிடுங்க ஜேசிபி வைத்தோம். மழை பெய்ததும் மறுபடி முளைத்தது. பட்டா எங்கள் இருவர் பேருக்கும் மாறிவர எத்தனை தடவை தாலுகா ஆபீஸுக்கு நடந்தேன் என்று எண்ணவில்லை. கரண்டு இணைப்புக்கு விண்ணப்பம், அதற்கு ஒரு தகராறு. அந்தப் பக்கமாகப் பெரிய ரோடு ஒன்று வரப்போகிறது என்று புரோக்கர் சொல்லியிருந்தார், அது வரவே இல்லை. மோட்டார் ரூமை இடித்துவிடச் சொன்னார் கொத்தனார். என் நாத்தனார் மாட்டேன் என்றுவிட்டாள். அதற்குக் கதவு போட்டு, சாமான் வைக்கிற அறையாக்கினோம். கொட்டகைக்குத் தகரம் வாங்கும்போது காசு தீர்ந்துபோய், ஒரு பக்கச் சுவரைப் பச்சை வலை கட்டியே விட்டோம்.

முதல் வாடகைக்காரர் பந்தல் போடுகிறவர். சவுக்குக் கம்புகளும் நாற்காலிகளும் சாமியானாத் துணியும் கொண்டுவந்து இறக்கினார். முகூர்த்த மாதங்களில் சொன்ன தேதிக்கு வாடகை வரும். ஆடியிலும் மார்கழியிலும் வராது. அவர் தொழில் அப்படி. முதல் ஆடியில் என் நாத்தனார் கோபமாகக் கேட்கப் போனாள். திரும்பி வந்தபோது கையில் பணம் இல்லை.

"என்னாச்சு?" என்றேன்.

"அவரு பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்குறாங்களாம். ஆவணி பொறந்ததும் தாரேன்னாரு." பையை இறக்கி வைத்தாள். "நம்ம சேலை ரெண்டு எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க மதினி, அந்தப் புள்ளைக்கு. நாளைக்குக் கொண்டு போறேன்."

ஆவணியில் வாடகை வந்தது. அவள் வளையலைத் திருப்ப அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் ஆனது. அவள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். ஒவ்வொரு மாதமும் கொடுக்கிறாள், சில மாதங்களில் வாங்கவும் செய்கிறாள்.